சிலம்பக் களரியில் முதல் பத்து நிமிடம்

கேள்வி: குழித்துறை அருகே ஒரு சிற்றூரில் மாலை நேரத்தில் குழந்தைகளுக்குச் சிலம்பமும், வெறுங்கைச் சண்டைக் கலையான அடிமுறையும் சொல்லித் தருகிறேன். 6 வயது முதல் 14 வயது வரை 22 பேர் வருகிறார்கள். வாரத்தில் 3 நாள், ஒரு மணி நேர வகுப்பு. என் ஆசான் எனக்குப் பழக்கியபடியே, மைதானத்தை 10 சுற்று ஓடச் சொல்லி, பிறகு உட்கார வைத்து ஒருவர் முதுகை மற்றவர் அழுத்தக் கால் விரிக்கச் செய்து, அதன்பின் தோப்புக்கரணமும் 50 தவளைத் தாவலும் கொடுக்கிறேன். சின்னப் பிள்ளைகள் ஓட்டத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். சில நாள் விளையாட்டாகத் தொடங்கிப் பார்த்தேன், உற்சாகமாக வந்தார்கள். ஆனால், ‘காசு கொடுத்து அனுப்புவது விளையாடவா?’ என்று இரண்டு பெற்றோர் கேட்டுவிட்டார்கள். ஆசானுக்கும் அதில் மனமில்லை. இதற்கிடையில் 12 வயதுப் பையன் ஒருவனுக்கு முட்டுச்சிரட்டைக்கு (முழங்கால் சில்லுக்கு) கீழே வலி இருக்கிறது. தாவும்போது கூடுகிறது என்கிறான். நான் எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: அன்புள்ள ஆசானுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், முதன்மையான கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். பத்துச் சுற்று ஓட்டத்தை விட்டுவிடலாம். முதுகை அழுத்திச் செய்யும் கால் விரிப்பை இன்றே நிறுத்திவிட வேண்டும். விளையாட்டுகளைத் தாராளமாகத் தொடரலாம். ஆனால், எந்த விளையாட்டு என்பதை அன்றைக்கு நீங்கள் சொல்லித் தரப்போகும் பாடத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கடைப்பிடித்தீர்களானால் பெற்றோரின் கேள்விக்கும் உங்கள் ஆசானின் மனக்குறைக்கும் ஒருசேர விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆயத்தப் பயிற்சி எதற்காக என்பதில் நம் ஊர்ப் பயிற்சிக் களங்களில் ஒரு பழைய குழப்பம் இருக்கிறது. பிள்ளை வியர்த்து, மூச்சு வாங்கி, கால் துவண்டு நின்றால்தான் உடம்பு வழிக்கு வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நடக்க வேண்டியவை சிலவே. இதயத் துடிப்பு படிப்படியாக உயர்ந்து தசைகளுக்கு இரத்த ஓட்டம் கூட வேண்டும்; தசையின் வெப்பம் சற்று ஏற வேண்டும், ஏனெனில் வெப்பமேறிய தசைதான் விரைந்து சுருங்கும்; மூட்டுகள் அன்றைய பாடத்துக்கு எந்த அளவு அசைய வேண்டுமோ அந்த அளவு அசைந்து பழக வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கூடமும் டியூஷனும் முடித்துவந்து நிற்கும் குழந்தையின் கவனம் கண்ணுக்கும் காலுக்கும் வந்து சேர வேண்டும். களைத்துப்போன குழந்தையிடம் இந்தக் கடைசி ஒன்று கட்டாயம் இருக்காது. புதிய சுவடு (காலடி வைக்கும் வரிசை) ஒன்றைப் பழகத் தேவையான கை கால் ஒருங்கிணைப்பு களைப்பில்தான் முதலில் கெடுகிறது. பிடி நழுவுவதும், கால் பின்னுவதும், பக்கத்தில் நிற்பவன் மேல் கம்பு படுவதும் அதன் பிறகு தானாக வருபவை. எவ்வளவு போதும் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஆயத்தப் பயிற்சி முடியும்போது பிள்ளை உங்களிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாடச் சொன்னால் மட்டும் மூச்சு இடிக்க வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் 10 முதல் 12 நிமிடத்துக்குள் இந்த நிலை வந்துவிடும்.

கால் விரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நான் பார்க்கும் குழந்தைகளில் வலியோடு வருபவர்கள் பலரும் இந்த இடத்தைத்தான் சுட்டுகிறார்கள். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்து வைத்திருந்தால், அதற்கடுத்த சிறிது நேரத்துக்கு அந்தத் தசையின் வலுவும் வேகமும் குறைகின்றன என்பது நன்கு உறுதிப்பட்ட செய்தி. உதைக்கும் குதிப்புக்கும் முன்னால் இதைச் செய்வது, தேவைப்படும் நேரத்தில் கையிருப்பைக் குறைத்துக்கொள்வதாகும். அழுத்திச் செய்வதோ இன்னும் மோசமானது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. தசைநாண் போய்ப் பற்றும் இடமும் அதுதான். பெரியவருக்குத் தசை பிடித்துக்கொள்ளும் அளவான இழுப்பில், பதின் வயதுப் பிள்ளைக்கு இடுப்பெலும்பின் முனை சிறிது பெயர்ந்துவிடக்கூடும். பின்னாலிருந்து அழுத்தும் 10 வயதுத் தோழனுக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? ஆகையால், வகுப்பின் தொடக்கத்தில் அசைவோடு கூடிய நீட்சி மட்டும் போதும்: காலை முன்னும் பின்னும் வீசுதல், நீண்ட எட்டு வைத்துத் தாழ்ந்து நடத்தல், தோளையும் மணிக்கட்டையும் சுழற்றுதல் போன்றவை. அசையாமல் நின்று நீட்டுவதை வகுப்பின் இறுதிக்கு மாற்றுங்கள். அப்போதும் அவரவர் உடம்பை அவரவரே, வலிக்கு முன்னால் நிற்கும் அளவுக்கு.

இனி விளையாட்டுகள். சிலம்ப வகுப்புக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கம்பு பிடிக்கும் விளையாட்டைத்தான். எட்டுப் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவரும் மார்பு உயரமுள்ள, எடை குறைந்த பிரம்பு ஒன்றைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, அதன் நுனியில் உள்ளங்கையை மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் ‘விடு’ என்றதும் எல்லோரும் தங்கள் பிரம்பை அப்படியே விட்டுவிட்டு, வலப்பக்கம் நகர்ந்து, அடுத்தவரின் பிரம்பு சாய்ந்து விழுமுன் பிடிக்க வேண்டும். முதல் சுற்றில் ஏறக்குறைய எல்லாப் பிரம்பும் தரையில் கிடக்கும்; தன் பிரம்பு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பதால் வரும் வினை அது. மூன்றாவது சுற்றுக்குள் கண்ணை முன்கூட்டியே அடுத்த பிரம்பின் மேல் வைக்கப் பழகிக்கொள்கிறார்கள். அதன்பின் இடைவெளியை ஓர் எட்டு கூட்டுங்கள். இப்போது ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு ஓடுபவன் தடுமாறுவான், நகரும் திசையிலுள்ள காலை முதலில் எடுத்து வைப்பவன் போய்ச் சேர்வான். கால் பின்னாமல் பக்கவாட்டில் நகர்வது என்ற பாடத்தை வாயால் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! பிரம்பு அதை ஒரு வார்த்தையும் இல்லாமல் சொல்லித் தந்துவிடுகிறது. இடப்பக்கமும் அதே அளவு செய்ய வேண்டும். கனமான மூங்கில் கம்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். விழுந்தால் அடுத்தவன் கால் விரலில்தான் விழும்.

அடிமுறைப் பாடம் உள்ள நாளில் முட்டு (முழங்கால்) தொடும் விளையாட்டு பொருந்தும். ஏறத்தாழ ஒரே உயரமுள்ள இருவர் எதிரெதிரே நின்று, விரித்த உள்ளங்கையால் எதிரில் இருப்பவரின் முட்டைத் தொட முயல வேண்டும். தம் முட்டைக் கையால் தட்டியோ, பின்வாங்கியோ காத்துக்கொள்ளலாம். 20 விநாடிக்கு ஒருமுறை இணையை மாற்றுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தால் மண்டை இடித்துக்கொள்ளும் என்பதால், ‘கண் எதிராளியின் நெஞ்சில் இருக்க வேண்டும், தலை தாழக் கூடாது’ என்ற ஒரே விதியைக் கறாராக வையுங்கள். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டே முட்டைத் தொட வேண்டுமானால் இடுப்பை வளைத்துக் குனிய முடியாது, முட்டை மடக்கித் தாழ்ந்துதான் ஆக வேண்டும். சுவடு வைக்கும்போது நீங்கள் கேட்கும் நிலையும் அதுதானே.

ஓட்டத்துக்கு மாற்றாக எதைச் செய்வது என்றால், இடுப்பில் வால் போலச் செருகிய துவர்த்தை (துண்டை) பிடுங்கும் விளையாட்டு போதும். குழந்தைகள் இயல்பாகவே விட்டுவிட்டு ஓடுகிறவர்கள். பத்து விநாடி பாய்ந்து, சற்று நின்று, மறுபடி பாய்வதுதான் அவர்களின் ஓட்டம். ஒரே வேகத்தில் சுற்றி வரும் நீண்ட ஓட்டத்தை அவர்கள் வெறுப்பதில் வியப்பில்லை. இடத்தை மட்டும் கோடு போட்டுச் சுருக்குங்கள், 9 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிக் கட்டம் கொடுங்கள். உதைப் பாடம் உள்ள நாளில் ஒரு கட்டத்தை நொண்டிக் கட்டமாக மாற்றிவிடலாம். ஒற்றைக் காலில் நிற்கும் உறுதி இல்லாதவனுக்கு மற்றக் காலால் உதைக்க வராது. ஆனால், நொண்டியை 20 விநாடிக்கு மேல் இழுக்காமல் காலை மாற்றச் சொல்லுங்கள். கிளித்தட்டு இவை எல்லாவற்றிலும் அருமையான விளையாட்டு என்பது என் தனிப்பட்ட கட்சி. எனினும், கோடு கிழித்து அணி பிரிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும், முதல் தட்டிலேயே மறிக்கப்பட்டவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதையொட்டி ஒன்றை வலியுறுத்த வேண்டும். தோற்றவன் வெளியே போய் உட்கார வேண்டும் என்ற விதி எந்த ஆயத்த விளையாட்டிலும் இருக்கக் கூடாது. முதலில் வெளியேறுபவர்கள் எப்போதும் மெதுவான, பருமனான, கூச்சமுள்ள பிள்ளைகளே. யாருக்கு அந்த அசைவு அதிகம் தேவையோ அவர்களையே உட்கார வைத்துவிடுகிறோம். துவர்த்தை இழந்தவன் கோட்டுக்கு வெளியே போய், அன்றைய சுவட்டை மூன்று முறை நிதானமாக வைத்துக் காட்டிவிட்டு உள்ளே வரட்டும். அதையும் தண்டனைக் குரலில் சொல்லாதீர்கள். தாமதமாக வந்தவனுக்குச் சுற்று ஓட்டம், பேசியவனுக்குத் தோப்புக்கரணம் என்று உடற்பயிற்சியையே தண்டனையாக்கும் வழக்கத்தை நம் பள்ளிகளிலும் களரிகளிலும் இன்னும் காண்கிறோம். அசைவதை வெறுக்கக் கற்றுக்கொடுக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

மழை விஷயத்துக்கு வருகிறேன். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை பல மாலைகளில் நீங்கள் மண்டபத்துக்குள்தான் வகுப்பு நடத்த வேண்டியிருக்கும். ஈரக் காலோடு டைல்ஸ் தரையில் ஓடிப்பிடிப்பதும் நொண்டியடிப்பதும் வேண்டாம். அந்த நாள்களில் கரடி நடை, நண்டு நடை போன்றவற்றுக்கு மாறுங்கள். முட்டு தரையில் படாமல் கையும் காலும் ஊன்றி, இடுப்பைத் தூக்கியபடி நடப்பது கரடி நடை. மல்லாந்து, வயிறு மேல்நோக்கியிருக்கக் கையும் காலும் ஊன்றி நகர்வது நண்டு நடை. மணிக்கட்டும் தோளும் எடை தாங்கிப் பழகுவதால் கம்பு சுழற்றும் கைகளுக்கு இவை நேரடியான ஆயத்தம். விழப் பழக்குவதற்கும் மழைக்காலமே தோது. பாய் விரித்து, குந்திய நிலையிலிருந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து, முதுகை வளைத்துப் பின்னால் உருளச் சொல்லுங்கள். விழும்போது கையை நேராகப் பின்னால் ஊன்றுவதால்தான் பிள்ளைகளுக்கு மணிக்கட்டும் முழங்கையும் முறிகின்றன.

எந்த விளையாட்டில் தொடங்கினாலும் கடைசி மூன்று நிமிடத்தை அன்றைய பாடத்துக்கே கொடுங்கள். ஒற்றைச்சுவடு ஒன்றைப் பாதி வேகத்தில் இரண்டு முறை, முக்கால் வேகத்தில் இரண்டு முறை, பிறகு முழு வேகத்தில் ஒரு முறை என வைக்கச் செய்தால், உடம்பு ஆயத்தப் பயிற்சியிலிருந்து பாடத்துக்குள் இடைவெளியின்றி நுழைந்துவிடும். விளையாட்டு முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்துப் பத்து நிமிடம் அறிவுரை சொன்னால் ஏறிய சூடு முழுவதும் இறங்கிவிடும். சொல்ல வேண்டியதைத் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஆசானிடம் பேசும்போதும் இந்த இடத்தையே பற்றிக்கொள்ளலாம். சுவடும் நிலையும் கைவிடப்படவில்லை, அவற்றை நோக்கியே விளையாட்டு நடக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால் எதிர்ப்பு தணியும். பிள்ளைகளுக்கென்று பாடத்தை மாற்றி அமைப்பது அடவுக் கலைகளுக்குப் புதிதுமல்ல. ஜப்பானின் ஒகினாவா தீவில் 1900களின் தொடக்கத்தில் கராத்தே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, இத்தோசு அங்கோ என்ற மூத்த ஆசான் மாணவர்களுக்கென்றே ‘பினான்’ எனப்படும் ஐந்து கட்டாக்களை (தனியாகச் செய்து பழகும் அடவு வரிசைகளை) அமைத்தார்; உலகெங்கும் தொடக்க நிலை மாணவர்கள் இன்றும் அவற்றைப் பழகுகிறார்கள்.

பெற்றோருக்குச் சொல்லச் சான்றே இருக்கிறது. கால்பந்து பழகும் 7 முதல் 13 வயது வரையிலான குழந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்ட ‘11+ கிட்ஸ்’ என்ற ஆயத்தப் பயிற்சியை, நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 4,000 குழந்தைகளிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒற்றைக் காலில் சமநிலை, தாவுதல், கை ஊன்றி உடலைத் தாங்குதல், விழுந்து உருளுதல் ஆகியவை அடங்கிய அந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில், வழக்கமான முறையில் செய்தவர்களைக் காட்டிலும் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. அது கால்பந்துக் களத்தில் நடந்த ஆய்வு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிலம்பத்துக்கு எண்களை அப்படியே எடுத்துவர முடியாது, ஆனால் அந்த அசைவுகள் நமக்கும் வேண்டியவையே. அதைவிடவும் பயன் தரக்கூடியது, கேள்வி கேட்ட அந்த இரண்டு பெற்றோரையும் ஒரு மாலை வரவழைத்து, கம்பு பிடிக்கும் விளையாட்டையும் அதற்கடுத்து நீங்கள் சொல்லித் தரும் சுவட்டையும் தொடர்ச்சியாகப் பார்க்கச் செய்வது. வரும்போது அவர்களிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: பிள்ளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் நேரே களத்துக்கு வருகிறதா? முன் சுற்றுகளிலேயே துவளும் குழந்தைகள் பலரின் சிக்கல் பசிதான். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு மட்டி வாழைப்பழமும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். பொரித்த பலகாரத்தை வகுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும்.

சில பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஓடியபின் தொடர்ந்து இருமுபவர்களுக்கோ, நெஞ்சு இறுகுகிறது என்பவர்களுக்கோ ஆஸ்துமா இருக்கலாம். சிறு சிறு பாய்ச்சல்களாக வரும் ஆயத்தம் அவர்களுக்கு நீண்ட ஓட்டத்தைவிட ஒத்துக்கொள்ளும், மருத்துவர் இன்ஹேலர் கொடுத்திருந்தால் அது வீட்டில் இருக்காமல் களத்தில் இருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை சேர்ந்தால், கழுத்து எலும்புகள் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், மருத்துவரின் ஒப்புதல் வரும்வரை உருளல்களையும் கழுத்தில் எடை விழும் எதையும் தவிர்த்துவிடுங்கள். தலையை ஊன்றிக் கழுத்தைப் பாலம் போல் வளைக்கும் பயிற்சியை எந்தக் குழந்தைக்குமே நான் பரிந்துரைப்பதில்லை.

கடைசியாக, அந்த 12 வயதுப் பையன். முட்டுச்சிரட்டைக்குக் கீழே, முன்னங்கால் எலும்பு தொடங்கும் மேட்டில் தொட்டால் வலி, தாவும்போதும் குந்தும்போதும் கூடுகிறது, ஓய்வில் குறைகிறது என்றால், வேகமாக வளரும் வயதில் அடிக்கடி காணப்படும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற தொல்லையாக இருக்க வாய்ப்பு அதிகம். தொடைத் தசையின் தொடர்ச்சியான தசைநாண் அந்த மேட்டில் ஒட்டியிருக்கிறது; ஒவ்வொரு தாவலும் ஒவ்வொரு ஆழ்ந்த குந்தலும் இன்னும் கெட்டிப்படாத அந்த இடத்தைப் பிடித்து இழுக்கின்றன. 50 தவளைத் தாவலும் தோப்புக்கரணமும் அவனுக்கு என்ன செய்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். பெரும்பாலானோருக்கு வளர்ச்சி நின்றதும் இது தானே அடங்கிவிடும். அதுவரை வலியின் அளவைப் பார்த்துத் தாவலைக் குறைப்பதே முக்கிய வைத்தியம். எண்ணெய் போட்டு அந்த மேட்டை அழுத்தித் தடவ வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். ஆனால், கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க என்னால் இயலாது. ஒரு முறை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுவது முறை. நொண்டி நடந்தாலோ, இரவில் வலியால் விழித்தாலோ, முட்டு வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இந்த வயதில் இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முட்டு வலியாக வெளிப்படுவதும் உண்டு என்பதால், இடுப்பையும் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். மருத்துவர் பார்க்கும் வரை அவனைத் திண்ணையில் உட்கார வைத்துவிடாமல், கரடி நடையைக்கூட விட்டுவிட்டு, நின்ற நிலையில் மணிக்கட்டுச் சுழற்சியும் ஒற்றைக் கை, இரட்டைக் கைக் கம்பு வீச்சும் பழகச் சொல்லுங்கள். கம்பு பிடிக்கும் விளையாட்டில் ‘விடு’ என்று குரல் கொடுக்கும் பொறுப்பும் அவனுக்கே இருக்கட்டும்.